டமாரத்தின் கொக்கிக் கயிறு

"பக்கெட் எங்கடா?"

அப்பாவை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை அம்மா பேசிய முதல் வார்த்தை அது. வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் கால் வைக்க இடமில்லாமல் படுத்துக் கிடந்தார்கள். அம்மா பின்பக்கத் தகரக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளே கூட்டிய இடம். கூட்டிய இடத்தையே கூட்டுவதும் கழுவிய பாத்திரத்தையே கழுவுவதுமாக இருந்தாளே தவிர, யார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எந்த பக்கெட்?" என்றான் தம்பி.

"நீல பக்கெட்டுடா. உங்கப்பா கொக்கிக் கயிறு சுத்தி வைப்பாரே. ஆணி மொட்டையா நிக்குது பாரு."

தம்பி ஆணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். செருப்புகூடப் போடாமல் ஏரிக்கரைக்கு ஓடினான்.

கொக்கிக் கயிறு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு நீளக் கயிறு. அதில் முழத்துக்கு ஒரு குட்டி நூல், நூல் நுனியில் கொக்கி, கொக்கியில் இரை. கயிற்றின் இரண்டு முனையிலும் கல்லைக் கட்டி, பொழுது சாயும்போது ஏரிக்குள் இறக்கிவிட்டு வந்துவிடுவார் அப்பா. விடிந்ததும் போய் எடுப்பார். அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் போடுவது, ஞாயிறு விடியலில் எடுப்பது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதில் மாற்றமே இல்லை.

அவர் செத்தது ஞாயிறு விடியலில்தான். வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு கால் வெறுங்கால். நான் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது அந்த ஒற்றை பூட்ஸை யாரோ கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள்.

தம்பி மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "பக்கெட் படகுல இருக்கும்மா. காலி."

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தாரேடி! எதுக்கு மாட்டினாரு? கயிறு எடுக்கத்தானே! இந்தப் பாழாப்போன மண்டைக்கு அது உறைக்கவே இல்லையே. ரெண்டு ராத்திரி போயிடுச்சு. தண்ணிக்குள்ள எத்தனை உசிரு தொங்குதோ."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பெரியம்மா, "ஆளே போயாச்சு, மீனுக்கு அழுறியாக்கும்" என்றாள்.

"நீங்க சும்மா இருங்கக்கா. உங்களுக்கு அவரைத் தெரியாது."

தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பதைப்பு புரியும். அப்பாவுக்குச் சாமி, பூதம், சட்டம், கட்சி எதுவும் பெரிதாகக் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று: போட்ட கொக்கியை எடுத்தாக வேண்டும். "பிடிச்சா தின்னு. தின்ன முடியாட்டி பிடிக்காத. கொக்கியில தொங்கவிட்டுட்டு வீட்ல போய்க் குறட்டை விடுறவன் மனுஷனே இல்ல" என்பார். காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போடும்போதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்திருக்கிறார். என் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கிற நேரத்தில் ஆளைக் காணவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, புதுச் சட்டையில் செதில் மினுக்க வந்து சேர்ந்தார். "என்ன, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார், என்னமோ நாங்கள்தான் தாமதம் செய்த மாதிரி.

ஊசி மாமாவோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததும் இதற்காகத்தான். ஊசி மாமா அப்பாவோடு வேலை பார்த்தவர். நூல் கோக்கலாம் என்கிற அளவுக்கு ஒல்லி. அவரும் ஏரியில் கயிறு போடுவார். ஒரு தடவை யார் வீட்டு விருந்திலோ குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்துவிட்டார். கயிறு தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அப்பா அதைத் தேடி எடுத்து, செத்து ஊதிப்போன மீன்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் ஊசி மாமா வீட்டு வாசலில் கொட்டினார். "உன் சம்பாத்தியம்டா, வச்சுக்க!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைக் கழுவினாள். வருஷங்கள் கழித்து, வேலையில் ஊசி மாமாவின் இடது கை மிஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டபோது பாய்ந்து இழுத்தவர் அப்பாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச ஆரம்பித்தார்கள். கை விளங்காமல் போனது, சிநேகம் திரும்ப வந்தது.

அப்படிப்பட்டவரின் கயிறு இப்போது தண்ணீருக்குள் கிடந்தது. எங்கே என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

மிதவை கட்டினால் கண்டவனும் வந்து அள்ளிப்போவான் என்று அப்பா கட்டமாட்டார். போட்ட இடத்தைக் கண்ணாலேயே குறித்து வைத்துக்கொள்வார். எடுக்கும்போது, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்போமே, அந்தப் பாதாளக்கரண்டியை இறக்கி அடியோடு இழுத்துக் கயிற்றை மாட்டித் தூக்குவார். நானும் தம்பியும் எத்தனையோ முறை அந்தப் படகில் போயிருக்கிறோம். ஆனால் கயிறு போடவோ எடுக்கவோ போகும்போது பெற்ற பிள்ளையைக்கூட ஏற்றமாட்டார். ஏரியோ சின்னது இல்லை. ஒரு கரையில் நின்று கத்தினால் மறுகரையில் கேட்காது. அப்பா கத்தினால் ஒருவேளை கேட்கும்.

"போய் யாரையாவது கேளுங்க" என்றாள் அம்மா. "கூட்டத்துல எல்லாரும் இருப்பாங்கல்ல. கயிறு வெளிய வராம நான் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டேன்."

கூட்டம் என்று அவள் சொன்னது, கிரஷரில் அன்று காலை அப்பாவுக்காகப் போட்டிருந்த கூட்டத்தை. மலையை உடைத்துக் கொண்டுவந்த பாறையைத் தின்று ஜல்லியாகத் துப்புகிற மிஷின் அது. ஏரியை ஒட்டி ராத்திரி பகலாக ஓடும். அதன் வாயில் கல்லைத் தள்ளுவதுதான் அப்பாவின் வேலை. காது போனதும் அங்கேதான். டமாரச் செவிடு என்று கேலியாக ஆரம்பித்து, செவிடு உதிர்ந்து, டமாரம் மட்டும் பேராக நின்றுவிட்டது. சம்பள நாளில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை சாம்பல் அப்பி, கண் மட்டும் மனுஷக் கண்ணாக வருவார். நாங்கள் ஓடினால் "தள்ளிப் போ, தூசி!" என்று விரட்டுவார். குளித்து வந்த பிறகுதான் தோளுக்கு ஒருவராகத் தூக்கிக்கொள்வார். காது கேட்காததால் மெதுவாகப் பேசுவது எப்படி என்றே மறந்துவிட்டது அவருக்கு. மிட்டாய்ப் பொட்டலத்தை என் கையில் திணித்து "உங்கம்மாகிட்ட சொல்லாத" என்று கிசுகிசுத்தால், அடுப்படியிலிருந்து "என்ன சொல்லக்கூடாது?" என்று அம்மா கேட்பாள். பக்கத்து வீட்டிலிருந்தும் அதே கேள்வி வரும். ரகசியம் பேசவே தெரியாத மனுஷன் கடைசிவரை காப்பாற்றிய ஒரே ரகசியம், கயிறு போடும் இடம்.

நானும் தம்பியும் போனபோது கிரஷர் நின்றிருந்தது. ஊரே காது அடைத்த மாதிரி இருந்தது. லாரி நிற்கும் தகரக் கூரைக்கு அடியில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அப்பா மீனில்லாமல் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. கடைக்காரன் மீனை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தான். சரியாக வெட்டத் தெரியவில்லை. ஓரத்தில் வால் மட்டும் நின்றது.

மேஸ்திரி என்னிடம் வந்து குனிந்தார். "மிஷின் நிக்குது பாத்தியாம்மா? மத்தியானம் வரைக்கும் நிறுத்தியிருக்கு. எந்தச் சாவுக்கும் நிக்காத மிஷின். மேலிடத்துல சண்டை போட்டு வாங்கினேன். டமாரத்துக்கு நாங்க செய்யற மரியாதை."

நன்றி சொன்னேன். உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஒவ்வொருத்தராக மைக்கில் பேசினார்கள். நல்ல மனுஷன். உழைப்பாளி. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். அத்தனையும் உண்மைதான், ஆனால் செத்துப்போன யாரைப் பற்றியும் அதைச் சொல்லலாம். கண்ணை மூடினால் தண்ணீருக்கடியில் கயிறு தெரிந்தது. அதில் வாய் கிழிந்து இழுத்துக்கொண்டிருக்கும் ஒன்று தெரிந்தது.

"இப்ப டமாரத்தோட மூத்த பொண்ணு நாலு வார்த்தை பேசும்" என்றார் மேஸ்திரி.

மைக் முன்னால் நின்றேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஓடிப்போனது.

"எங்கப்பா கயிறு தண்ணிக்குள்ள கிடக்கு" என்றேன். "சனிக்கிழமை போட்டது. எங்க போடுவாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தது.

"எனக்குத் தெரியும். தண்ணித்தொட்டிக்கு நேரா, பத்து துடுப்பு உள்ள" என்றார் வெல்டர்.

"உனக்கு அப்படியா சொன்னான்? எங்கிட்ட மதகு பக்கம்னான்."

"மதகுல புழு கூட இருக்காதுய்யா. முங்கிப்போன மரம் இருக்கே, அங்க. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினான்."

"உன் தலைல அடிச்சு சத்தியம் பண்றதுல அவனுக்கென்ன நஷ்டம்?"

சிரித்துவிட்டார்கள். நானும்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொய் கொடுத்து வைத்திருந்தார் அப்பா. ஆளுக்கு ஏற்ற பொய்.

கடைசி வரிசையிலிருந்து ஊசி மாமா எழுந்தார். "என்கிட்ட வேற மாதிரி சொன்னான். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான். 'சத்தம் கேக்காத இடத்துல போடுறேன்டா.'"

"டமாரத்துக்கு எங்கதான்யா சத்தம் கேக்கும்? ஏரி முழுக்கத் தேடு!" என்றார் மேஸ்திரி. மறுபடியும் சிரிப்பு.

ஊசி மாமா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "கிளம்பு. பேசினது போதும்" என்றார்.

தம்பி துடுப்புப் போட்டான். ஊசி மாமா விளங்குகிற கையால் பாதாளக்கரண்டியை இறக்கி இறக்கி இழுத்தார். நான் படகுக்குள் கசிகிற தண்ணீரை மொண்டு ஊற்றினேன். அப்பா அந்தப் படகை எத்தனை தடவை ஒட்டுப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. உட்காரும் பலகையில் கிரஷரின் பழைய பெல்ட்டை வெட்டி ஆணி அடித்திருந்தார். தண்ணித்தொட்டிக்கு நேராகத் தேடினோம். ஒரு லாரி டயர் வந்தது. மதகில் பாசி. முங்கிய மரத்தில் யாருடையதோ ஒரு சட்டை, பித்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டபடி.

"இவன் சட்டையைக் கழட்டாமலே உள்ள இருந்து நழுவிட்டானாக்கும்" என்றார் ஊசி மாமா.

வெயில் ஏறியது. ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அமைதி. சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரில் போயிருக்கிறேன். மிஷின் சத்தம் இல்லாமல் போனதே இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது, வேறு ஊர் ஏரிக்கு வந்துவிட்ட மாதிரி.

"விட்டுடலாம்டி பொண்ணே" என்றார் ஊசி மாமா. "கயிறு ரெண்டு மாசத்துல இத்துப் போயிடும்."

"அதுவரைக்கும் மாமா?"

அவர் கரையைக் காட்டினார்.

அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். காலில் அப்பாவின் பூட்ஸ். இரண்டையும் போட்டிருந்தாள். முழங்கால் வரை ஏறிய கறுப்பு ரப்பருக்குள் சேலையைத் திணித்துக்கொண்டு, சேற்றில் நடக்கத் தெரியாத பிள்ளை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள். தலை சுற்றும், வாந்தி வரும், தண்ணீரைக் கண்டாலே பயம் என்று ஆயிரம் சாக்குச் சொல்லி ஒருநாளும் அந்தப் படகில் ஏறாதவள். "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, அவளுக்கு அடி முடி தெரியாது" என்று ஏரியைச் சொல்லுவாள்.

படகு கரையை ஒட்டியதும், "தங்கச்சி, நீ எதுக்கு வந்த? வெயில்ல போய்..." என்று ஊசி மாமா ஆரம்பித்தார்.

"கையைக் குடுங்கண்ணே" என்று ஏறிவிட்டாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பெல்ட் போட்ட பலகையில், அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். "யாரு யாரு என்ன சொன்னாங்க, சொல்லுங்க."

நான் சொன்னேன். தொட்டி, மதகு, மரம் எல்லாவற்றுக்கும் "பொய்" என்றாள், அப்பா எதிரில் நிற்கிற மாதிரி. ஊசி மாமாவிடம் சொன்னதைச் சொன்னேன். சத்தம் கேட்காத இடம்.

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

"சிரிச்சாங்கம்மா."

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது கரையில் கிரஷரின் சங்கு ஊதியது. மத்தியானம். மரியாதை முடிந்தது. மிஷின் ஒருமுறை இருமி, கல்லைக் கடித்து, பழையபடி ஓட ஆரம்பித்தது. ஏரி முழுக்க அந்த உறுமல் வந்து படிந்தது. படகின் அடிப்பலகை அதிர்ந்தது. பக்கெட்டின் பிடி தானாகக் கிடுகிடுத்தது.

அம்மா கன்னத்தில் கை வைத்தாள். பல்வலி வந்தவள் மாதிரி.

"இது அவருக்குக் கேக்கும்" என்றாள்.

"என்னது?"

"இந்த மிஷின். நாம கத்துறதுதான்டி கேக்காது. இது கேக்கும். ராத்திரி அவரு பல்லை நறநறன்னு கடிக்கிறதுல எனக்குத் தூக்கமே இருக்காது. மிஷின் பழுதாகி நின்னா அன்னைக்கு மட்டும் வாயைப் பொளந்துக்கிட்டு பச்சப்புள்ள மாதிரி தூங்குவாரு. நான்கூட கேட்டேன், உங்களுக்குத்தான் காது இல்லையே, நின்னா என்ன ஓடினா என்னன்னு. 'காதுக்குக் கேக்கலடி, பல்லுக்குக் கேக்குது'ன்னாரு." நிறுத்தினாள். "அண்ணே, அவரு உங்ககிட்ட விளையாடல. உள்ளதைத்தான் சொல்லியிருக்காரு."

ஊசி மாமா கையிலிருந்த கரண்டியைப் பலகையில் வைத்தார். "தடிமாடு" என்றார். அப்பாவைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை.

"எல்லாரும் பல்லைக் கடிங்க" என்றாள் அம்மா. "நீயும்தான்டா. கடிச்சுக்கிட்டே ஓட்டு."

அந்தக் காட்சியைக் கரையிலிருந்து யாராவது பார்த்திருந்தால், டமாரம் குடும்பத்துக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான்கு பேர் ஒரு ஓட்டைப் படகில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடித்தால் உண்மையாகவே தெரிந்தது. தாடைக்குள் ஒரு குளவி அடைத்து வைத்த மாதிரி. காதைப் பொத்தினாலும் அது நிற்கவில்லை.

தம்பி முதலில் கரையோரமாக ஓட்டினான். நடு ஏரியில் இன்னும் அதிகம். எதிர்க்கரையில் குறைந்தது, ஆனால் இருந்தது. அம்மா ஒவ்வொரு இடத்திலும் கையை ஆட்டி, போ, போ என்றாள். வாயைத் திறக்கவே இல்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டதற்கு முறைத்தாள்.

வடக்குப் பக்கம் ஒரு கரடு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வீடு உயரப் பாறை. அதற்குப் பின்னால் யாரும் போவதில்லை. கரை கிடையாது, இறங்க முடியாது, தண்ணீர் கறுத்துக் கிடக்கும். படகு பாறையின் மூக்கைத் தாண்டித் திரும்பியது.

கதவைச் சாத்தினாற்போல் உறுமல் நின்றது.

முதலில் மிஷினைத்தான் மறுபடி நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். தம்பி ஒரு துடுப்புப் பின்னால் தள்ளினான், உறுமல் வந்தது. முன்னால் தள்ளினான், போனது. பல்லில் குளவி இல்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கேட்டது. பாறையில் ஏதோ ஒரு குருவி கத்தியது. அம்மாவின் மூச்சு கேட்டது.

அவள் வாயை மெதுவாகத் திறந்தாள்.

"இங்கதான்" என்றாள்.

ஊசி மாமா கரண்டியை இறக்கினார். இரண்டாவது இழுப்பில் மாட்டியது. கயிறு கனத்தோடு மேலே வந்தது. தண்ணீருக்கு மேல் வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது.

செத்தவைதான் அதிகம். வயிறு ஊதி, கண் வெளுத்து, சிலவற்றைப் பாதி வேறு ஏதோ தின்றிருந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொக்கிகளைக் கழற்றினான். நான் அவற்றை வாங்கிச் சாக்கில் போட்டேன். ஊசி மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. ஏதாவது சொல்லித் தொலைத்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கயிற்றின் வால் பக்கம் மட்டும் இழுத்தது. ஒன்று உயிரோடு இருந்தது. தம்பியின் கை நீளம் இருக்கும். உதடு கிழிந்து தொங்க, தண்ணீருக்கு மேல் வந்ததும் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்கிப்போனது.

"விட்டுடலாம்" என்றேன்.

"வாயே இல்ல, என்னத்தைத் தின்னு பொழைக்கும்?" என்றாள் அம்மா. துடுப்பை வாங்கினாள். பிடியைத் திருப்பித் தலையில் ஒரே அடி. அப்பா செய்வதை அவள் எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை. "இதை நீங்க கொண்டு போங்கண்ணே. சமைச்சுச் சாப்பிடுங்க. மீதி நம்ம வீட்டுக்கு."

"மீதி எதுக்கு தங்கச்சி? இப்படியே தண்ணில தள்ளிடலாம். யாரு பாக்கப் போறா?"

"உங்க வாசல்ல கொட்டினாருல்ல?"

"அது அப்ப. நான் குடிச்சுட்டுக் கிடந்தேன். இவன் செத்துல்ல போயிட்டான்."

"ஏன் எடுக்க வரலன்னு மீன் கேக்குமா?"

தம்பி படகைத் திருப்பினான். பாறையைத் தாண்டியதும் உறுமல் மறுபடி பல்லுக்குள் வந்து உட்கார்ந்தது.

அம்மா சொன்னதைச் செய்தாள். சாக்கை எங்களைத் தூக்க விட்டாளே தவிர, அவிழ்த்துக் கொட்டியது அவள் கைதான். வீட்டு வாசலில், படிக்கு நேர் முன்னால், அப்பா சாய்ந்த இடத்திலேயே. நாற்றம் உள்ளே போன வேகத்தில் சொந்தக்காரர்கள் வெளியே வந்தார்கள். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றாள். சாயங்காலம் வரை இருப்பதாகச் சொன்ன இரண்டு குடும்பம் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டது. ஈ மொய்த்தது. தெரு நாய் இரண்டு வந்து பார்த்துவிட்டு, அவற்றுக்கே பிடிக்காமல் போய்விட்டன.

மேஸ்திரி, நாங்கள் கூட்டத்தில் விட்டுவிட்டு வந்த அப்பாவின் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் தெருவிலேயே நின்றார்.

"என்னம்மா இது?"

"அவரு கயிறு" என்றாள் அம்மா. படியில் உட்கார்ந்து கொக்கிகளைத் துடைத்துத் துடைத்து நீலப் பக்கெட்டுக்குள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "எடுக்காம போயிட்டாரு. அதான்."

மேஸ்திரிக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற வெல்டருக்கு விளங்கியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மீனைச் சுற்றிக்கொண்டு வந்து என் தம்பி பக்கத்தில் நின்றார். "எங்க இருந்துச்சு?" என்று அவன் காதில் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஊசி மாமாவைப் பார்த்தேன்.

"தண்ணித்தொட்டிக்கு நேரா" என்றார் ஊசி மாமா. "பத்து துடுப்பு உள்ள. உன்கிட்ட சொன்ன இடத்துலதான்."

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா! எனக்குத்தான்யா உண்மையைச் சொல்லியிருக்கான்."

பொழுது சாயும்போது ஊசி மாமா எழுந்து போய் மண்வெட்டியும் வாளியும் துடைப்பமும் கொண்டுவந்தார். மீன்களை அள்ளிக் கொல்லைப் பக்கம் குழியில் தள்ளினார். பிறகு வாசலைக் கழுவ ஆரம்பித்தார், ஒற்றைக் கையால், துடைப்பத்தைக் கக்கத்தில் கொடுத்து. தம்பி வாங்கப் போனான். கொடுக்கவில்லை.

"அன்னைக்கு என் பொண்டாட்டி கழுவினா" என்றார். "உங்கப்பன் தெருவுல நின்னு கத்திக்கிட்டே இருந்தான். அவ அழுறதைப் பாத்ததும் வாயை மூடிட்டான். போய் ரெண்டு குடம் தண்ணி கொண்டாந்து அவ பக்கத்துல வச்சுட்டுப் போனான். நான் உள்ள படுத்துக்கிட்டுப் பாத்தேன்."

அம்மா தண்ணீர் ஓடுவதற்காகக் கால்களைத் தூக்கிக்கொண்டாள். இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை.

"கழட்டும்மா, கால் வெந்து போயிடும்" என்றேன்.

அவள் பக்கெட்டைத் தம்பியிடம் நீட்டினாள். "ஆணியில மாட்டு. கொக்கி வெளிய தெரியாம மாட்டு." பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டாள். உள்ளே அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. இத்தனை வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தும் அதை நான் காதில் வாங்கியதே இல்லை.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பாறைப் பக்கம் போவியாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"கயிறு போடவா?"

"கயிறு வேணாம். சும்மா உக்காந்துட்டு வரலாம்."

அவன் யோசிப்பதற்குள், "சரி, உள்ள போய் எனக்கு ஏதாவது தின்னக் கொண்டா, பசிக்குது" என்றாள்.